ஐந்து மூங்கிலும் பதினேழு மீட்டர் பட்டமும்

மெதுவான காற்றுக்குப் பெரிய பட்டம் வாங்கலாமா என்று என்னிடம் கேட்க வருகிறவர்கள் இப்போதும் இருக்கிறார்கள். நான் பட்டம் விட்டதே இல்லை. அபர்டீன் பஜாரிலிருந்து ஒரு சந்து இறங்கும் இடத்தில் எனக்குத் தையல் கடை. பள்ளிச் சீருடை, ஜாக்கெட், சுரிதார், சர்ச்சில் முதல் நன்மை வாங்கும் பிள்ளைகளுக்கு வெள்ளை ஃபிராக்கு, இவைதான் என் பிழைப்பு. இதற்கு நடுவே, கிழிந்த கைட்போர்டிங் பட்டத்தைத் தைக்கத் தெரிந்தவள் போர்ட் பிளேரில் நான் ஒருத்திதான் என்று பெயர் வந்துவிட்டது. தைக்கத் தெரிந்தவளுக்கு எதை வாங்கலாம் என்று சொல்லவும் தெரியும் என்று நினைத்துக்கொள்கிறார்கள். ஜாக்கெட் தைக்கிறவளிடம் மாப்பிள்ளை பார்க்கச் சொல்வதுபோலத்தான். இருந்தாலும் என்னிடம் ஒரு பதில் உண்டு, அதை நான் சும்மா படித்துத் தெரிந்துகொள்ளவில்லை.

விஷயம் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். காலில் ஒரு பலகை. இடுப்பில் ஒரு அகலமான பட்டை, அதில் கொக்கி. கொக்கியிலிருந்து இருபது மீட்டருக்கு மேல் நீளமான நாலு நூல் போகும், அதன் முனையில் காற்றடைத்த குழாய் வைத்த பட்டம். காற்று பட்டத்தை இழுக்கும், பட்டம் ஆளை இழுக்கும், ஆள் தண்ணீர்மேல் வழுக்கிக்கொண்டு போவார். பட்டத்தின் அளவை மீட்டரில் சொல்வார்கள். அது துணியின் பரப்பு. காற்று பலமாக அடித்தால் ஒன்பது மீட்டர் போதும். மெதுவாக அடித்தால் பன்னிரண்டு. அதைவிட மெதுவாக அடித்தால் பதினேழு. என் வீட்டில் சண்டை வந்தது இந்தப் பதினேழைப் பற்றி.

என் வீட்டுக்காரர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறார். ஆள் தொண்ணூறு கிலோவுக்குக் குறைய மாட்டார். மெயின்லாந்திலிருந்து இரண்டு வருஷ வேலையாக வந்திருந்த ஓர் எஞ்சினியர், கிழிந்த பட்டத்தைச் சுருட்டிக்கொண்டு ஒருநாள் கடை கடையாக ஏறி இறங்கியிருக்கிறார். எல்லாரும் கையை விரிக்க, கடைசியில் என்னிடம் வந்தார். நான் துணியைத் தடவிப் பார்த்துவிட்டு, குடைத்துணி மாதிரிதானே என்று தைத்துக் கொடுத்தேன். அதை வாங்க அவர் வந்தபோது வீட்டுக்காரரும் கடையில் இருந்தார். அன்று பிடித்தது அவருக்கு இந்தக் கிறுக்கு. அந்த எஞ்சினியர் ஊருக்குத் திரும்பிப் போகும்போது தன்னுடைய பழைய பன்னிரண்டு மீட்டர் பட்டத்தை இவரிடம் விட்டுவிட்டுப் போனார்.

நாற்பத்தைந்து வயதில் எதற்கு இந்த விளையாட்டு என்று கேட்டேன்.

"கிரேன்ல ஒக்காந்து இருபது வருசமா காத்தப் பாத்துக்கிட்டு இருக்கேன். இவ்வளவு நாட் வேகத்துல அடிச்சா வேலைய நிறுத்து, இவ்வளவுக்குக் கொறஞ்சா ஏத்துன்னு. ஒரு தடவையாச்சும் அது என்னைத் தூக்கட்டுமேட்டி" என்றார்.

எங்கே விடுவது என்பதுதான் அடுத்த கேள்வி. கடலில் விட்டால் பவளப்பாறை காலைக் கிழிக்கும், படகுகள் குறுக்கே வரும், காற்று நின்றுவிட்டால் நீந்திக்கொண்டு கரைக்கு வரவேண்டும். இவருக்குச் சமதளமாக, இடுப்பளவு ஆழத்தில், அலை இல்லாத தண்ணீர் வேண்டும். விழுந்தால் எழுந்து நிற்க வேண்டும். அப்படி ஓர் இடம் எங்கள் குடும்பத்திலேயே இருந்தது. சிப்பிகாட்டில் என் வயல்.

அந்த வயலைப் பற்றிச் சொல்லாமல் பட்டத்தைப் பற்றிச் சொல்ல முடியாது. என் அப்பா தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரை ஊர்க்காரர், படகுத் தச்சர். இங்கே வந்து முப்பது வருஷம் படகு கட்டினார். எங்கள் வம்சத்தில் யாருக்கும் நிலம் கிடையாது, கடல்தான் எல்லாம். அவருக்கு அது ஒரு குறையாகவே இருந்தது. வயசான காலத்தில் சிப்பிகாட்டில் ரோட்டை ஒட்டி ஒரு துண்டு வயல் வாங்கினார். பத்திரம் கைக்கு வந்த அன்று, "இனிமே நம்மளும் கரைக்காரந்தான்" என்று ஊரெல்லாம் சொன்னார். ஒரு பாதியில் நெல், ஒரு பாதியில் கத்தரியும் வெண்டையும். காய்கறிக்குத் தண்ணீர் ஊற்ற சிமெண்டு உறை இறக்கி ஒரு கிணறு வெட்டினார். உறை தரைமட்டத்தோடு நின்றது. கைப்பிடிச்சுவர் எழுப்ப வேண்டும் என்று செங்கல் வாங்கிப் போட்ட வருஷம் அவர் போய்விட்டார். வயல் எனக்கு வந்தது. அதற்கடுத்த வருஷம், கிறிஸ்மஸுக்கு மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலையில் பூமி ஆடியது.

சுனாமி என்றால் எல்லாரும் அலையைத்தான் நினைக்கிறார்கள். எங்கள் வயலுக்கு வந்தது வேறு. தரையே கீழே இறங்கிவிட்டது. மூன்றாம் நாள் நான் போய்ப் பார்த்தபோது நெற்பயிர்மேல் கடல்தண்ணீர் நின்றது. வந்த தண்ணீர் போகும் என்று எல்லாரும்தான் நினைத்தோம். கடல் ஓதம் ஏறினால் இடுப்பளவு, வற்றினால் சேறு. ஒரு மாதம், ஒரு வருஷம், அப்படியே இருந்தது. கடலைவிட்டுக் கரைக்கு ஏறிய மனிதனின் வயலைத் தேடிக் கடல் வந்தது என்று சொன்னால் கதை மாதிரி இருக்கும். அப்பா அதைப் பார்க்கவில்லை என்பதில் எனக்கு நிம்மதிதான்.

இறங்கிய தரை மெல்ல ஏறும் என்று சிலர் சொன்னார்கள். அளந்து வேறு இடத்தில் நிலம் கொடுப்பார்கள் என்று சிலர் சொன்னார்கள். எது நடந்தாலும் என் எல்லை எது என்று நான் காட்ட வேண்டுமே. அதனால் முதல் வருஷமே வயலின் நாலு மூலையிலும் நாலு மூங்கில் ஊன்றினேன். கிணறு தண்ணீருக்கடியில் தெரியாது, யாராவது விழுந்துவிடக் கூடாது என்று அதன் வாயில் ஒரு மூங்கில். மொத்தம் ஐந்து. உப்புத்தண்ணீரில் மூங்கில் ஒரு வருஷத்துக்கு மேல் தாங்காது, அடி இற்றுவிடும். ஒவ்வொரு வருஷமும் மழை விட்டதும் கூலிக்கு ஓர் ஆளைக் கூட்டிக்கொண்டுபோய் மாற்றி ஊன்றுவேன். பக்கத்து வயல்காரர் ஒரு வங்காளி. அவர் வயலும் தண்ணீருக்குள்தான். அவர் அதில் மீனும் இறாலும் பிடிக்க ஆரம்பித்துவிட்டார். என்னைப் பார்க்கும்போதெல்லாம், அக்கா முறை வைத்து, "தீதி, மூங்கில் துளிர்த்துவிட்டதா?" என்று இந்தியில் கேட்டுச் சிரிப்பார். நானும் சிரித்துவைப்பேன். உள்ளுக்குள் எரியும்.

ஆக, எனக்கு வயல். வீட்டுக்காரருக்குப் பட்டம் விடும் தண்ணீர். சதுப்பு மரங்கள் நிற்கும் ஓடைப் பக்கம் முதலை எச்சரிக்கைப் பலகை உண்டு; அந்தப் பக்கம் போகக்கூடாது, ரோட்டுப் பக்கத்தோடு சரி என்று நிபந்தனை போட்டுச் சம்மதித்தேன். ஓதம் ஏறும் நேரம் பார்த்து விடுமுறை நாளில் போவார். நான் ரோட்டோரம் நின்று பார்ப்பேன்.

பார்ப்பதற்கு ஒன்றும் இருக்காது. அதுதான் சங்கடம். மழைக்காலத்தில் காற்று பலமாக அடிக்கும், ஆனால் மலையில் முட்டி முறிந்து வரும். ஒரு நிமிஷம் ஆளைத் தூக்கும், மறு நிமிஷம் செத்துப்போகும். மழை விட்ட பிறகு வாடை சீராக வரும், ஆனால் மெதுவாக வரும். பன்னிரண்டு மீட்டர் பட்டம் மேலே அழகாக நிற்கும். கீழே இவர் இடுப்பளவுத் தண்ணீரில் நின்றுகொண்டிருப்பார், குடை பிடித்தபடி பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவர் மாதிரி. துறைமுகத்தில் இவருக்குப் பதங்வாலா என்று பெயர் வைத்துவிட்டார்கள். பட்டக்காரர் என்று அர்த்தம். "பதங்வாலா, இன்னைக்கும் நின்னுட்டுத்தான் வந்தியா?" என்று கேட்பார்களாம்.

பெரிய பட்டம் வாங்கினால் சரியாகிவிடும் என்ற பேச்சு அப்போதுதான் வீட்டுக்குள் வந்தது. மெயின்லாந்தில் ஒருவர் பதினேழு மீட்டர் பட்டம் ஒன்றை விற்கிறார், அதிகம் புழங்காதது, அந்த எஞ்சினியர் போனில் சொன்னாராம்.

அளவு ஆளுக்குத் தக்கது என்பது என் தொழில். ஐம்பது கிலோ ஆள் பன்னிரண்டில் போகிற காற்றில் தொண்ணூறு கிலோ ஆளுக்குப் பதினேழு வேண்டும்தான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் துணி கூடினால் கனமும் கூடும். காற்று தளர்ந்தால் முதலில் தொய்வது அதுதான். தண்ணீரில் விழுந்துவிட்டால் அதை மறுபடி மேலே எழுப்பக் காற்று வேண்டும். எந்தக் காற்று இல்லை என்று அதை வாங்கினோமோ அதே காற்று. திரும்புவதும் மெதுவாகத் திரும்பும், அகலமாகத் திரும்பும். அதற்கு ஏற்ற இடம் வேண்டும். இதெல்லாம் அந்த எஞ்சினியர் என் கடை ஸ்டூலில் உட்கார்ந்து சொன்னது. கிழிசல் எங்கே விழுகிறது என்று பார்த்ததில் எனக்கே தெரிந்ததும் கொஞ்சம்.

"சட்டையப் பெருசாத் தச்சா ஆளு எளைச்சிருவாரா? மொதல்ல அந்தப் பலகையப் பாருங்க. சின்னப் பிள்ள பலகை மாதிரி இருக்கு. அகலமா ஒண்ணு போடுங்க, அது ஒங்களத் தாங்கும்" என்றேன்.

அவர் கொல்லைப்பக்கம் பார்த்தார். அங்கே அப்பா செய்த பம்பு ஷெட் கதவு சுவரில் சாத்திவைத்திருந்தது. வயலிலிருந்த ஷெட் விழுந்தபோது அதை மட்டும் எடுத்து வந்திருந்தேன். படகுக்குப் போடும் ப்ளைவுட்டில் செய்தது, தண்ணீரில் ஊறாது. ஷெட்டை மறுபடி கட்டும்போது மாட்டலாம் என்று வைத்திருந்தேன். கேட்பதற்கு அவருக்கே கூச்சம். நானே, "எடுத்துக்கிடுங்க" என்று சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. குட்வில் எஸ்டேட்டில் எங்கள் வீட்டுக்குப் பின்தெருவில் இருந்த மரக்கடையில் கொடுத்து அறுத்து, முனை வளைத்து, கால் மாட்ட வார் வைத்தார். அந்தப் பலகையில் அவர் முதல்முறையாக நூறு அடி தூரம் போனார். முன்பு நின்றுகொண்டே இருந்த அதே பட்டம், அதே காற்று.

ஆகவே என் பதிலின் முதல் பாதி இது. பெரிய பட்டத்துக்கு முன்னால் பெரிய பலகை.

ஆனால் ருசி கண்ட பூனை சும்மா இருக்குமா? நூறு அடி போனவருக்கு இருநூறு அடி வேண்டும். என்னிடம் கேட்காமலே பதினேழை வாங்கிவிட்டார். சென்னையிலிருந்து கப்பலில் வந்தது. நாத்தனார் அனுப்பிய கருவாட்டுப் பெட்டியையும் பட்டத்துப் பையையும் ஒரே ஆள் சுமந்து வந்ததால், பட்டத்திலும் கருவாட்டு வாசம். கூடத்தில் விரித்தபோது மேசையையும் கட்டிலையும் மூடிக்கொண்டு அடுப்பங்கரை வரைக்கும் வந்தது. கோபமாகத்தான் இருந்தேன். ஆனால் கையில் தொட்டதும் கோபம் கொஞ்சம் இறங்கியது என்பதை ஒத்துக்கொள்ள வேண்டும். நல்ல துணி. தையல் ஒவ்வொன்றும் கோடு போட்டதுபோல் இருந்தது. அந்தத் துணியைத் தைத்தவள் யாராக இருந்தாலும் தொழில் தெரிந்தவள்.

"வாங்கினது வாங்கிட்டியளா, விடுங்க. பாத்து விடுங்க" என்றேன்.

அவர் துணியை மடித்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல், "மூங்கில எடுத்துருவோமா?" என்றார்.

"எந்த மூங்கில?"

"வயல்ல நிக்கிறத. இது அகலமாத் திரும்பும். நூலு மாட்டும்."

"அது எல்லை."

"எதுக்கு எல்ல? தண்ணிக்கா?"

"எட்டு வருசமா நிக்குது. சர்வேக்காரன் வந்தா எதக் காட்ட?"

"வரமாட்டான்ட்டி" என்றார். பிறகு மெதுவாக, "நெலம் போச்சு. ஒனக்கும் தெரியும்" என்றார்.

எட்டு வருஷத்தில் அதை அவர் வாய்விட்டுச் சொன்னது அன்றுதான். சோறு பொங்கினேன், குழம்பு வைத்தேன், எடுத்து வைத்தேன். இரண்டு நாள் பேசவில்லை. அந்த மூங்கிலை எடுக்கச் சொன்னது என் அப்பாவின் கையைப் பிடித்துத் தண்ணீருக்குள் தள்ளச் சொன்னது போல் எனக்கு இருந்தது. மூங்கில் நிற்கிற வரைக்கும் அது வயல். எடுத்துவிட்டால் வெறும் கடல். அவ்வளவுதான் என் கணக்கு. அதை அவரிடம் விளக்கிச் சொல்லவும் எனக்குப் பிடிக்கவில்லை.

மூன்றாம் நாள் அவரே வந்து, மூங்கில் நிற்கட்டும், தான் பார்த்து விலகி விட்டுக்கொள்வதாகச் சொன்னார். "கெணத்து மூங்கில்கிட்டப் போவமாட்டேன். சத்தியம்" என்றார். அடுத்த விடுமுறை நாளில் ஓதம் ஏறுகிற நேரத்துக்கு இரண்டு பேரும் போனோம்.

வாடை மெதுவாக, சீராக வந்துகொண்டிருந்தது. தென்னை ஓலை அசைகிறதா இல்லையா என்று பார்க்க வேண்டியிருந்தது. அந்தக் காற்றில் பதினேழு மேலே ஏறியது. ஏறியதும் அவரைத் தண்ணீரிலிருந்து உருவியெடுத்தது. பலகை தட்டையாக வந்து நின்றது, அவர் என் முன்னாலேயே ரோட்டோரமாக வழுக்கிக்கொண்டு போனார். வங்காளிக்காரர் வலையைக் கீழே போட்டுவிட்டுக் கை தட்டினார். நானும் தட்டினேன். என் வீட்டுக்காரரின் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை எங்கள் கல்யாணப் படத்தில்கூடப் பார்த்ததில்லை.

மூன்று தடவை போய்வந்தார். நாலாவது தடவை திரும்பும்போது காற்று தளர்ந்தது. பட்டம் மெல்ல, மிக மெல்லத் திரும்பியது, பாதி திரும்பியதும் தொய்ந்தது, இறங்கி வந்து கிணற்று மூங்கிலுக்கு அந்தப் பக்கம் தண்ணீரில் படுத்துக்கொண்டது. நூல் மூங்கிலில் சுற்றிக்கொண்டது. எழுப்பிப் பார்த்தார். எழும்பவில்லை. காற்று இல்லையே. பலகையைக் கழற்றி வங்காளிக்காரர் பக்கம் மிதக்கவிட்டுவிட்டு, நூலைக் கையில் சுற்றிக்கொண்டே பட்டத்தை நோக்கி நடக்க ஆரம்பித்தார்.

சொன்ன சொல் மாறவில்லை அவர். மூங்கிலைப் பார்த்தார், கிணறு அங்கே இருக்கிறது என்று நல்ல தூரம் விலகினார். ரோட்டுப் பக்கமாக விலகினால் நூல் சிக்கும் என்று ரோட்டுக்கு எதிர்ப்பக்கமாக விலகினார். ஏழெட்டு எட்டு தள்ளி, மிகவும் கவனமாக, வளைந்து நடந்தார். நடந்துகொண்டிருக்கும்போதே ஆளைக் காணோம்.

கத்தவில்லை, தண்ணீர் தெறிக்கவில்லை. நின்றிருந்த மனிதர் அங்கே இல்லை. அவ்வளவுதான்.

பிறகு ஆரஞ்சு நிற லைஃப் ஜாக்கெட் மேலே வந்தது, அதற்குள் அவர் தலை வந்தது, கை இரண்டும் நூலைப் பிடித்திருந்தன. கிணற்று உறையின் விளிம்பு கைக்கு அகப்படவில்லை. பாசி பிடித்து வழுக்கியது என்று பிறகு சொன்னார். நூலின் மறுமுனை மூங்கிலில் சுற்றியிருந்தது. அவர் இழுக்க, மூங்கில் சாய்ந்தது.

எனக்கு நீச்சல் தெரியாது. கடற்கரைக்காரன் மகளுக்கு நீச்சல் தெரியாது என்றால் யாரும் நம்ப மாட்டார்கள். சேலையோடு ஓடினேன். மூங்கில் வரைக்கும் ஓடினேன், அதைத் தாண்டி ஓர் அடி வைக்கத் தைரியம் இல்லை. கிணறு எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியாது என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. மூங்கிலை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்து, எதிர்ப்பக்கம் சாய்ந்து, என் கனம் முழுவதையும் அதன்மேல் போட்டேன்.

"விடாதிய! பிடிச்சிருக்கேன், இழுங்க!" என்று கத்தினேன்.

"நீ வராத, அங்கயே நில்லு!" என்றார் அவர்.

நூலைப் பிடித்து, ஒரு கை மாற்றி ஒரு கை, அவர் தன்னை இழுத்துக்கொண்டு வந்தார். அந்த நூல் மெலிசானது. கயிறு மாதிரி இல்லை, கத்தி மாதிரி. முழங்கால் தரையில் முட்டியதும் குப்புற விழுந்தார். கையை விரித்துக் காட்டியபோது உள்ளங்கை இரண்டும் குறுக்கே அறுபட்டிருந்தன. அதற்குள் வங்காளிக்காரர் வந்து இவரைத் தோளில் தாங்கி ரோட்டுக்குக் கொண்டுவந்தார். துளிர்த்ததா என்று அன்று அவர் கேட்கவில்லை. நான் ரோட்டில் உட்கார்ந்து அழுதேன். பஸ் ஒன்று நின்று, என்ன என்று விசாரித்துவிட்டுப் போனது. பயத்தில் அழுதேன் என்று அவர்கள் நினைத்திருப்பார்கள். வெட்கத்திலும்தான் அழுதேன்.

அந்த மூங்கில் கிணற்றைவிட்டு எப்படி நகர்ந்தது என்று எனக்கு அங்கேயே புரிந்துவிட்டது. ஒவ்வொரு வருஷமும் ரோட்டிலிருந்து இறங்கிப் போவோம். இற்றுப்போன மூங்கில் நிற்கும். அதற்கு அந்தப் பக்கம் கிணறு இருக்கிறதே என்ற பயத்தில், கூலிக்காரர் ஓர் எட்டு இந்தப் பக்கமாகவே நின்று புதிதை ஊன்றுவார். "ஜாக்கிரதை, கிட்டப் போகாதீங்க" என்று சொன்னதும் நான்தான். வருஷத்துக்கு ஓர் எட்டு. எட்டு வருஷம். கிணறு இருந்த இடத்திலேயே இருந்தது. எங்கள் பயம் மட்டும் ரோட்டுக்குப் பக்கத்தில் வந்துகொண்டிருந்தது. அவர் மூங்கிலைப் பொருட்படுத்தாமல் நடந்திருந்தால் விழுந்திருக்க மாட்டார். என் மூங்கிலை நம்பியதால் விழுந்தார்.

கை ஆறும்வரை அவர் கிரேன் ஏறவில்லை. சோற்றை நான்தான் பிசைந்து ஊட்டினேன். அந்த நாட்களில் அவர் என்னை ஒரு சொல்லும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நானும் பதிலுக்குச் சொல்லியிருப்பேன், சரியாகப் போயிருக்கும். ஒருநாள் பட்டத்துப் பையைப் பார்த்துக்கொண்டே, "வித்துருவோம். அந்தக் காத்துக்கு இது லாயக்கு இல்ல" என்றார். நான் அதில் கிழிந்திருந்த இடத்தை மட்டும் தைத்து வைத்தேன்.

கட்டுப் பிரித்த பிறகு, ஓதம் நன்றாக வற்றும் நாள் பார்த்து, இரண்டு பேரும் போனோம். அப்பாவின் பழைய பத்திரத்தோடு இருந்த நில வரைபடத்தையும் எடுத்துப் போனேன். கடப்பாறையால் சேற்றைக் குத்திக் குத்திக் கிணற்று உறையைக் கண்டுபிடித்தோம். அதற்குச் சரியாக வட்டம் போட்டு, சிமெண்டு நிரப்பிய நாலு குழாயை, ஓதம் ஏறினாலும் ஒரு சாண் மட்டும் மேலே தெரிகிற மாதிரி நட்டு, நான் தைத்துக் கொண்டுபோன சிவப்புத் துணியைச் சுற்றினோம். கிணற்றுக்கு அது போதும்.

பிறகு எல்லை மூங்கில்களுக்குப் போனேன். படத்தை வைத்து ரோட்டிலிருந்து எட்டுப் போட்டுப் பார்த்தேன். நாலும் தப்பு. கிணற்று மூங்கில் பயத்தில் உள்ளே வந்திருந்தது என்றால், இவை ஆசையில் வெளியே போயிருந்தன. வருஷத்துக்கு ஓர் எட்டு, பக்கத்து வயலுக்குள், ஓடைக்குள், ரோட்டோரச் சரிவில்கூட. எட்டு வருஷத்தில் அப்பா வாங்கியதைவிடப் பெரிய வயலுக்கு நான் சொந்தக்காரி ஆகியிருந்தேன். அதுவும் தண்ணீருக்கடியில். வங்காளிக்காரர் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார். ஒரு வார்த்தை சொன்னதில்லை.

நாலையும் நானே பிடுங்கினேன். அவர் உதவிக்கு வந்தார், வேண்டாம் என்றேன். நாலாவது கொஞ்சம் ஆழமாகப் போயிருந்தது, ஆட்டி ஆட்டி எடுக்க வேண்டியிருந்தது. எடுத்ததும் அந்த ஓட்டையில் தண்ணீர் வந்து நிறைந்தது. மனசு விட்டுப்போயிற்று என்று சொல்ல வேண்டும். ஆனால் கையும் காலும் அசந்திருந்ததால் அப்போது ஒன்றும் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து மூங்கிலை வெட்டித் துணி காயப்போடும் கொடிக்கு நட்டேன்.

"பட்டத்த விக்க வேண்டாம். இப்பம் எடம் இருக்கு" என்று அன்று சாயங்காலம் சொன்னேன்.

கேட்க வருகிறவர்களுக்கு நான் சொல்லும் பதில் இதுதான். ஆள் கனமாக இருந்து, காற்று மெதுவாக இருந்தாலும் விடாமல் வருமென்றால், பலகையைப் பெரிதாக்கியும் பற்றவில்லை என்றால், பெரிய பட்டம் வாங்கலாம். மெலிந்த ஆளுக்குத் தண்டம். காற்று விட்டுவிட்டு வரும் இடத்தில் யாருக்குமே தண்டம். எதற்கும் முதலில் தண்ணீரைப் பார்க்க வேண்டும். சுற்றிலும் ஒன்றும் நிற்கக் கூடாது. அதைக் கேட்டுவிட்டு, உங்களுக்கு அப்படி ஓர் இடம் எப்படிக் கிடைத்தது என்று கேட்பார்கள். கிடைத்தது என்று சொல்லிவிட்டு மெஷினை மிதிப்பேன்.

வாடை வரும் மாதங்களில், மழை இல்லாத விடுமுறை நாட்களில், அவர் இப்போதும் பதினேழைத் தூக்கிக்கொண்டு போகிறார். அந்த மென்காற்றில் என் அப்பா நெல் நட்ட இடத்தின்மேல் இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரைக்கும் போய்வருகிறார். நான் அதைத் தண்ணீர் என்றுதான் சொல்லப் பழகிக்கொண்டேன். சிப்பிகாட் தண்ணீர், அவ்வளவுதான். அவர்தான், பையைத் தோளில் போட்டு வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு, ஒவ்வொரு தடவையும் உள்ளே பார்த்துக் குரல் கொடுப்பார்:

"வயலுக்குப் போயிட்டு வாரேன்ட்டி."